ஷெட்டில் நிற்கும் பழைய கார்: பேட்டரியை சார்ஜரிலேயே விடலாமா, டெர்மினலைக் கழற்றலாமா?

ஷெட்டுவாசி

வணக்கம். 1960களின் தொடக்கத்தில் வந்த சலூன் ஒன்று வைத்திருக்கிறேன். 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் (பேட்டரியின் மைனஸ் பக்கம் பாடியோடு சேர்ந்தது), ஆல்டர்னேட்டருக்குப் பதில் பழைய டைனமோ. பேட்டரி 50 ஏஹெச் (ஆம்பியர்-அவர், அதாவது கொள்ளளவு), மூடியைக் கழற்றி டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் சாதாரண ரகம். வேலை காரணமாக வண்டி ஒரு மாதம், சில சமயம் இரண்டு மாதம் ஷெட்டிலேயே நிற்கும். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் செல்ஃபில் ஒரு 'டொக்', அவ்வளவுதான். போன பேட்டரி இரண்டு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. இப்போது இருப்பதும் அதே வழியில்தான் போகிறது.

ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பேட்டரி விற்றவர் 'வாரம் ஒரு தடவை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வையுங்கள்' என்றார். மெக்கானிக் 'டெர்மினலைக் கழற்றிவிட்டுப் போங்கள்' என்கிறார். நண்பர் ஒருவர் 'சார்ஜரில் மாட்டிவிட்டு மறந்துவிடு' என்கிறார். ஷெட்டில் பிளக் பாயிண்ட் இருக்கிறது, ஆனால் கரண்ட் அடிக்கடி போய் வரும். என்னிடம் இருப்பது டிரான்ஸ்ஃபார்மர் வைத்த கனமான இரும்புப் பெட்டி சார்ஜர். மூன்றில் எது சரி?

கிரீஸ்கை

மெக்கானிக் சொன்னதுதான். நெகட்டிவைக் கழற்றுங்கள், கிளம்புங்கள்.

சோக்குப்பிரியன்

கழற்றுவது மாட்டுவது எல்லாம் எதற்கு? வாரம் ஒருமுறை யாரையாவது விட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். என்ஜினும் ஜாம் ஆகாது, பேட்டரியும் ஏறும். எங்கள் வீட்டு வண்டி அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆர்மேச்சர்

டைனமோ வண்டிக்கு அது பொருந்தாது சோக்குப்பிரியன் சார். ஆல்டர்னேட்டர் வண்டி என்றால்கூட அரைகுறைதான். கணக்கைப் பாருங்கள்.

செல்ஃப் 150 ஆம்பியர் இழுக்கிறது, மூன்று விநாடி சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 450 ஆம்பியர்-விநாடி, அதாவது ஓர் ஆம்பியர்-அவரில் எட்டில் ஒரு பங்கு. பலர் பயப்படுகிற அளவுக்கு ஸ்டார்ட் செய்வது பேட்டரியைக் காலி செய்வதில்லை. அதற்குப் பிறகு நடப்பதுதான் விஷயம். ஐட்லிங்கில் டைனமோவின் வோல்டேஜ் பேட்டரியைத் தாண்டாது. டைனமோவை பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் கட்-அவுட் சேரவே சேராது, அல்லது சேர்ந்தும் பிரிந்தும் ஆடும். சார்ஜ் லைட் மினுக்குவது அதனால்தான். அந்த நேரமெல்லாம் இக்னிஷன் காயில் சராசரியாக 3 ஆம்பியர் குடித்துக்கொண்டிருக்கும். பத்து நிமிடத்தில் அரை ஆம்பியர்-அவர். ஆக, ஸ்டார்ட் செய்ததில் போனதைவிட நான்கு மடங்கு, 'சார்ஜ் ஏற்றுகிறோம்' என்று நினைத்து நின்ற நேரத்தில் போய்விடுகிறது.

சோக்குப்பிரியன்

ஐட்லிங்கில் யார் விடச் சொன்னார்கள்? சோக்கை இழுத்துவைத்தால் ஆர்.பி.எம். ஏறும். என் ஆம்மீட்டர் முள் பிளஸ் பக்கம் நன்றாகவே நிற்கிறது. கண்ணால் பார்ப்பதைப் பொய் என்கிறீர்களா?

ஆர்மேச்சர்

முள் பொய் சொல்லவில்லை. 1200, 1500 ஆர்.பி.எம்மில் டைனமோ சார்ஜ் கொடுக்கும். ஆனால் சோக்கோடு பத்து நிமிடம் நின்றால் பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவி ஆயிலில் இறங்கும். இன்னொன்று, ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. நீண்ட தூரம் ஓடினால் அது புகையோடு போய்விடும். நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓடி அணைத்தால், சைலன்ஸரிலும் ஆயில் சம்ப்பிலும் தங்கிவிடும். சைலன்ஸர் உள்ளிருந்து துருப்பிடிப்பதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஸ்டார்ட் செய்வதானால் வெளியே எடுத்து அரை மணி, முக்கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வரட்டும். அது முடியாதென்றால் தொடாமல் விடுவதே மேல்.

சோக்குப்பிரியன்

நீங்கள் சொல்கிறபடி ஓட்ட ஆள் கிடைத்தால் ஷெட்டுவாசி இங்கே கேள்வி கேட்டிருக்கவே மாட்டார். என்ஜின் பல மாதம் சுற்றாமல் நிற்பதும் கெடுதல்தான். அதற்கு ஒன்றும் சொல்லவில்லையே நீங்கள்.

ஆர்மேச்சர்

அது சரிதான். அதற்குத் தனி இழை போடலாம். இங்கே பேட்டரியை முடிப்போம்.

நீலக்கிளிப்

என் ஓட்டு சார்ஜருக்கு. ஆனால் எந்த சார்ஜர் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என் வண்டியில் மெயின்டெய்னர் வகை சார்ஜர் வருடம் முழுக்க மாட்டியே இருக்கிறது. முதலில் 14.4 வோல்ட் வரை ஏற்றும், நிரம்பியதும் 13.5 அக்கம்பக்கத்தில் இறங்கி நின்றுகொள்ளும். பேட்டரியில் பிரச்சினையே வந்ததில்லை.

ஷெட்டுவாசி, உங்கள் இரும்புப் பெட்டி அப்படி இல்லை. அதற்கு நிறுத்தத் தெரியாது. நிரம்பிய குடத்தின் மேல் குழாயைத் திறந்துவிட்டதுபோல அது பாட்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். 14.4ஐத் தாண்டினால் செல்லுக்குள் தண்ணீர் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனுமாகப் பிரியும். ஒரு மாதம் அப்படி விட்டால் பிளேட் வெளியே தெரிகிற அளவுக்குத் தண்ணீர் வற்றிவிடும். தண்ணீரில் மூழ்காத பிளேட் காய்ந்து கெட்டுவிடும்.

ஷெட்டுவாசி

நன்றி. அப்படியென்றால் இந்தப் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டியதுதானா? நல்ல கனமான தாமிரச் சுற்று, மனசு வரவில்லை.

நீலக்கிளிப்

போடாதீர்கள். இறங்கிய பேட்டரியை ஏற்ற அது அருமையான பெட்டி. பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் போடுங்கள், மல்டிமீட்டரால் டெர்மினலில் பார்த்துக்கொண்டே இருங்கள். ஆளில்லாத ஷெட்டில் மட்டும் விடாதீர்கள்.

ஆர்மேச்சர்

சார்ஜரா கழற்றுவதா என்று பேசுவதற்கு முன் ஒரு கேள்வி. 50 ஏஹெச் பேட்டரி இரண்டு மாதத்தில் செல்ஃபைச் சுற்ற முடியாத அளவுக்குத் தானாக இறங்காது. சாதாரண லெட்-ஆசிட் பேட்டரி எதிலும் மாட்டாமல் வைத்தால் மாதம் 5 சதவிகிதம் அளவில் இறங்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் அது ஏறத்தாழ இரட்டிப்பாகும். எவ்வளவு புழுக்கமான ஷெட் என்றாலும் இரண்டு மாதத்தில் கால்வாசி போகலாம், அவ்வளவுதான். உங்கள் வண்டியில் மிச்சம் எங்கே போகிறது? அதைக் கண்டுபிடிக்காமல் மெயின்டெய்னர் மாட்டினால் ஒழுகுவதை மறைத்ததாகத்தான் ஆகும்.

இப்படிப் பாருங்கள். சாவி எடுத்தாயிற்று, கதவுகள் சாத்தியாயிற்று, டிக்கியும் சாத்தியாயிற்று. உள்விளக்கு எரிந்தால் கணக்கு தப்பும். நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரி போஸ்ட்டுக்கும் நடுவில் மல்டிமீட்டரை வையுங்கள். சிவப்பு வயர் 10 ஆம்பியர் துளையில் இருக்க வேண்டும். அந்த நிலையில் மறந்தும் செல்ஃப் அடிக்காதீர்கள், மீட்டர் ஃப்யூஸ் போய்விடும். ஐந்து நிமிடமாவது முள்ளை, அதாவது எண்ணை, பார்த்துக்கொண்டே இருங்கள். ஒரு தடவை பார்த்துவிட்டு எழுந்துவிடக் கூடாது.

அதற்கு முன் பேட்டரியின் நின்ற வோல்டேஜையும் எழுதிக்கொள்ளுங்கள். ஓட்டிய உடனேயோ சார்ஜ் செய்த உடனேயோ பார்த்தால் பொய்யாக அதிகமாகக் காட்டும். சில மணி நேரம் நின்ற பிறகு பார்க்க வேண்டும்.

பின்சீட்பேட்டரி

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எனக்கும் கிட்டத்தட்ட இதே பிரச்சினைதான், ஆனால் 1964 பீட்டில், 6 வோல்ட். கடையில் கேட்டால் 'தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும், 6-ம் போடலாம் 12-ம் போடலாம்' என்று ஒரு சார்ஜர் காட்டுகிறார்கள். வாங்கலாமா?

நீலக்கிளிப்

தானாகக் கண்டுபிடிப்பது வேண்டாம். 6, 12 என்று சுவிட்ச் வைத்து நீங்களே தேர்ந்தெடுக்கும் சார்ஜர் வாங்குங்கள். தானியங்கிக்குத் தெரிவதெல்லாம் டெர்மினல் வோல்டேஜ் மட்டும்தான். மிகவும் இறங்கிப்போன 12 வோல்ட் பேட்டரியை அது 6 என்று நினைத்துக்கொள்ளலாம். உங்களுக்குக் கவலை அதற்கு நேர்மாறு. 6 வோல்ட்டை 12 என்று எடுத்துக்கொண்டால் பேட்டரி கொதித்துவிடும். 6 வோல்ட் பேட்டரி நிரம்பி நின்றால் 6.3, 6.4 காட்டும். நிரம்பிய பிறகும் சார்ஜரிலேயே மிதக்க விடுவது 6.8 அளவில்.

கிரீஸ்கை

பீட்டில் என்றதும் ஒன்று. பேட்டரி பின்சீட்டுக்கு அடியில்தானே? அதன் மேல் பிளாஸ்டிக் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். சீட் ஸ்பிரிங் டெர்மினலில் பட்டு, சீட்டுக்குள் அடைத்த நார் பற்றிக்கொண்ட கதைகள் நிறைய. உயரம் கூடின பேட்டரி வைத்தால் இன்னும் மோசம். பின்னால் கனமான ஆள் உட்கார்ந்ததும் ஸ்பிரிங் இறங்கும்.

பின்சீட்பேட்டரி

மூடி இல்லை! இன்றே ரப்பர் பாய் ஒன்று வெட்டிப் போடுகிறேன், பிறகு சரியான மூடி தேடுகிறேன். நன்றி அண்ணா.

ஷெட்டுவாசி

ஆர்மேச்சர் சார், பார்த்துவிட்டேன். பேட்டரி நின்ற நிலையில் 12.31. மீட்டரை நடுவில் வைத்தால் 0.02 ஆம்பியர் ஆடாமல் நிற்கிறது. அப்புறம் ஒன்று விசித்திரமாக இருந்தது. எழுந்துவிடலாம் என்று நினைத்த நேரத்தில் டாஷ்போர்டுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். மீட்டரில் எண் ஒரே தாவாக மேலே போய், படிப்பதற்குள் பழையபடி 0.02. காத்திருந்தேன். இரண்டு நிமிடம் போல ஆனதும் மறுபடி அதே சத்தம், அதே தாவல்.

ஆர்மேச்சர்

அதுதான் உங்கள் கடிகாரம். அந்தக் காலத்து மின் கடிகாரம் பலவற்றுள் ஓடுவது சாதாரண ஸ்பிரிங்தான். ஸ்பிரிங் இறங்கியதும் இரண்டு தொடுமுனைகள் சேரும். ஒரு காந்தச் சுருள் ஒரு கையை எறிந்து ஸ்பிரிங்கை மறுபடி முறுக்கும், தொடுமுனை பிரியும். நீங்கள் கேட்ட 'டிக்' அந்தக் கை எறியப்படும் சத்தம். கண நேர வேலை என்பதால் சராசரி மிகக் குறைவு. பேட்டரியை அது சாகடிக்காது.

ஆனால் பேட்டரி அதைச் சாகடிக்கும்! வோல்டேஜ் இறங்கி, கையை எறிய வலு இல்லாமல் போனால் தொடுமுனைகள் சேர்ந்தபடியே நின்றுவிடும். சுருளில் விடாமல் கரண்ட் ஓடும். சுருள் சூடாகி எரியும், இருக்கிற கொஞ்ச சார்ஜும் அதில் போகும். பழைய வண்டிகளில் கடிகாரம் ஓடாமல் இருப்பதற்கு முதல் காரணமே இதுதான். உங்களுடையது இன்னும் 'டிக்' என்கிறது என்றால் அதிர்ஷ்டம்.

ஆடாமல் நிற்கும் அந்த 0.02தான் திருடன். சின்ன எண் என்று விடாதீர்கள். 20 மில்லிஆம்பியர், ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர்-அவர், இரண்டு மாதத்துக்கு 28.8. உங்கள் 50 ஏஹெச்சில் பாதிக்கு மேல் போயிற்று. அதற்கு மேல் தானாக இறங்குவது. அதற்கும் மேல், நீங்கள் கிளம்பும்போதே பேட்டரி நிரம்பியிருக்கவில்லை. 12.31 என்றால் அறுபது சதவிகிதம் அளவுதான் இருக்கிறது. 12.65 இருந்தால் முழுசு, 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால்.

12.4க்குக் கீழே நாள்கணக்கில் நின்றால் பிளேட்டில் உள்ள லெட் சல்பேட் கெட்டிப்பட்டுப் பெரிய படிகமாகிவிடும். அது பிறகு சார்ஜில் கரையாது. அந்த அளவுக்குப் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறைந்துவிட்டது என்று அர்த்தம். உங்கள் பழைய பேட்டரி இரண்டு வருடத்தில் போனது இப்படித்தான் இருக்கும். அந்த 20 மில்லிஆம்பியர் எங்கே போகிறது? வண்டியில் பிற்காலத்தில் யாராவது ஏதாவது மாட்டினார்களா? அலாரம், ரேடியோ?

ஷெட்டுவாசி

ரேடியோ! முன்பு வைத்திருந்தவர் கேசட் ரேடியோ ஒன்று மாட்டியிருக்கிறார். அணைத்தே இருக்கும்போதும் ஸ்டேஷன் நினைவில் வைத்திருக்கும். அதன் ஃப்யூஸை எடுத்ததும் மீட்டர் 0.00.

ஆர்மேச்சர்

கிடைத்தது. பழைய ரேடியோவில் நினைவுக்கு (எப்போதும் கரண்ட்) மஞ்சள் வயர், சாவிக்கு (சாவி போட்டால் மட்டும் கரண்ட்) சிவப்பு என்று வருவது வழக்கம். இரண்டையும் மாற்றாமல் முதலில் மீட்டரால் எது எது என்று உறுதி செய்யுங்கள். முன்பு மாட்டியவர் எந்த நிற வயரை எங்கே சேர்த்தார் என்று யாருக்குத் தெரியும்.

ஒருபக்கஎர்த்

இழை நன்றாகப் போகிறது. என் வண்டி பாசிட்டிவ் எர்த். சார்ஜர் மாட்டும்போது கிளிப்பை மாற்றிப் போட வேண்டுமா? ஒருவர் மாற்றச் சொன்னார், கைநடுங்கி நிறுத்திவிட்டேன்.

நீலக்கிளிப்

நிறுத்தியது நல்லது. மாற்றவே கூடாது. சார்ஜருக்கு பேட்டரி மட்டும்தான் தெரியும், வண்டியின் உடம்பு எந்தப் பக்கம் என்பது அதற்குத் தேவையில்லை. சிவப்பு எப்போதும் பிளஸ் போஸ்ட்டில், கறுப்பு எப்போதும் மைனஸ் போஸ்ட்டில். நேராக போஸ்ட்டிலேயே மாட்டுங்கள், பாடியில் வேண்டாம்.

ஆர்மேச்சர்

கழற்றும்போது மட்டும் வித்தியாசம் உண்டு. எந்தப் பக்கம் பாடியோடு சேர்ந்திருக்கிறதோ அதை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். உங்களுக்கு அது பிளஸ். எர்த் கழன்றுவிட்டால், மற்ற டெர்மினலில் வேலை செய்யும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பொறி வராது. 'நெகட்டிவை முதலில் கழற்று' என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பது நெகட்டிவ் எர்த் வண்டியை மனதில் வைத்து. உங்கள் வண்டியில் அதை அப்படியே செய்தால் ஸ்பேனர் பற்றவைத்துவிடும்.

இரட்டைஆறு

என்னிடம் இருப்பது எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார், 1966. சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரி வரிசையாக. பாசிட்டிவ் எர்த்தும்தான். மெயின்டெய்னரில் விட்டும் ஒரு பேட்டரி மட்டும் சீக்கிரம் போகிறது. சார்ஜர் மொத்தமாக 13.5 கொடுக்கிறது என்றால் ஆளுக்குப் பாதி போக வேண்டாமா?

ஆர்மேச்சர்

போகாது. வரிசையில் ஓடும் கரண்ட் ஒன்றுதான், ஆனால் வோல்டேஜை இரண்டும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்று சட்டம் இல்லை. ஒன்று பழையது, ஒன்று புதியது என்றால் ஒன்று 7க்கு மேல் போய்க் கொதிக்கும், இன்னொன்று 6.4லேயே பசியோடு நிற்கும். மொத்தம் சரியாகவே இருக்கும், அதனால் சார்ஜருக்கும் சந்தேகம் வராது. மாதம் ஒருமுறை இரண்டையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். 0.1, 0.2 வோல்ட் வித்தியாசம் வந்தால் பின்தங்கியதை மட்டும் 6 வோல்ட் சார்ஜரில் தனியாக ஏற்றுங்கள். மாற்றும்போது ஜோடியாக மாற்றுங்கள்.

கிரீஸ்கை

அல்லது 12 வோல்ட் ஒன்றை வைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள். எம்ஜிபிக்காரர்கள் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். அந்தக் குழிக்குள் கையை விட்டு, ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரைப் பிடிப்பது தண்டனை.

சோக்குப்பிரியன்

சரி, நான் ஒன்று கேட்கிறேன். ஷெட்டுவாசி வீட்டில் கரண்ட் போய் வரும் என்று எழுதியிருக்கிறாரே. மெயின்டெய்னர் அதை என்ன செய்யும்? யாரும் தொடவில்லை.

நீலக்கிளிப்

நல்ல கேள்வி. எல்லாம் ஒன்றல்ல. சில சார்ஜர், கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். சிலது பொத்தானை அழுத்தும்வரை சும்மா இருக்கும். பச்சை விளக்கு எரியும், ஆனால் வேலை நடக்காது. வாங்கும்போதே மாட்டி, பிளக்கைப் பிடுங்கி, மறுபடி சொருகிப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. கரண்ட் இல்லாத நேரத்தில் சில சார்ஜர்கள் பேட்டரியிலிருந்து தாங்களே சில மில்லிஆம்பியர் எடுத்துக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கிளிப் வயருக்கு நடுவில் மீட்டரை வைத்தால் தெரிந்துவிடும். ஒன்றிரண்டு மில்லிஆம்பியர் பரவாயில்லை.

ஆர்மேச்சர்

பாருங்கள், அதனால்தான் ஷெட்டுவாசிக்கு சார்ஜரை நம்பச் சொல்ல எனக்கு மனசில்லை. அவர் விஷயத்தில் ரேடியோ ஒழுகல் போய்விட்டது. பேட்டரியை நன்றாக நிரப்பிவிட்டு, டெர்மினலைக் கழற்றிவிட்டுப் போனால் இரண்டு மாதத்தில் பத்து சதவிகிதம் போல இறங்கும். நல்ல வெயில் காலத்தில் இருபது. திரும்பி வந்தால் 12.45, 12.5 காட்டும். சல்பேட் பயம் இல்லை, செல்ஃபும் சுற்றும். கரண்ட் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

இதில் 'நன்றாக நிரப்பிவிட்டு' என்பதுதான் எல்லோரும் தாண்டிப்போகிற இடம். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து 'சார்ஜ் ஆகியிருக்கும்' என்று கழற்றுகிறார்கள். டைனமோவும் அந்தக் கால ரெகுலேட்டரும் பேட்டரியை எண்பது, எண்பத்தைந்து சதவிகிதத்துக்கு மேல் கொண்டுபோக பல மணி நேர ஓட்டம் வேண்டும். எனவே கிளம்புவதற்கு முதல் நாள் உங்கள் இரும்புப் பெட்டியை எடுங்கள். 4, 5 ஆம்பியரில் ஏற்றுங்கள். ஹைட்ரோமீட்டரில் ஆறு செல்லும் 1.265க்கு மேல் வந்து, ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் அதே இடத்தில் நின்றால் நிரம்பிவிட்டது. ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.050 பின்னால் நின்றால் அந்த பேட்டரியில் இனிப் பணம் போடாதீர்கள்.

நீலக்கிளிப்

இரண்டு மாதத்துக்கு ஆர்மேச்சர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆறு மாதம் நிற்கிற வண்டிக்கு அது போதாது. நான் மெயின்டெய்னர் பக்கம்தான்.

ஆர்மேச்சர்

ஆறு மாதம் என்றால் இடையில் மாதம் ஒருமுறை யாராவது வந்து ஏற்றட்டும். மிதவை வோல்டேஜில் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் பேட்டரியில் கெட்டி ஆசிட் அடியில் இறங்கி, மேலே தண்ணியாக நிற்கும். அடிப்பக்கப் பிளேட்டில் சல்பேட் படியும், மேல்பக்கம் பட்டினி. கொஞ்சம் குமிழி வருகிற அளவுக்கு அவ்வப்போது ஏற்றினால்தான் கலக்கும். 13.5லேயே நின்றால் கலக்காது.

நீலக்கிளிப்

நல்ல மெயின்டெய்னர்கள் சில நாளுக்கு ஒருமுறை தானே 14.4 வரை ஏற்றிக் கலக்குகின்றன. ஏஜிஎம் பேட்டரியில் ஆசிட் கண்ணாடி இழைப் பாயில் ஊறிக் கிடப்பதால் இந்தப் பிரச்சினையே அநேகமாக இல்லை.

ஆர்மேச்சர்

'நல்ல' என்ற சொல்லில் எவ்வளவு அடைக்கிறீர்கள் சார்! வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 25 டிகிரியில் 13.6 சரி. ஷெட் 40 டிகிரிக்குப் போனால் 13.3 அளவுக்கு இறக்க வேண்டும், டிகிரிக்கு 20 மில்லிவோல்ட் போல. வெப்பத்தைப் பார்த்து வோல்டேஜை மாற்றத் தெரியாத சார்ஜர் வெயில் காலம் முழுக்கத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

நீலக்கிளிப்

அதற்குத்தான் மூடியைத் திறந்து பார்ப்பது. நீங்கள் உங்கள் வழியில் போங்கள், நான் என் வழியில்.

ஷெட்டுவாசி

இரண்டு பேருக்கும் நன்றி. டெர்மினலை ஒவ்வொரு தடவையும் ஸ்பேனர் வைத்துக் கழற்றினால் ஈயம் தேய்ந்துவிடும் போலிருக்கிறது. திருகு குமிழ் வைத்த கட்-ஆஃப் சுவிட்ச் போடலாமா?

கிரீஸ்கை

போடலாம், ஆனால் தரம் பார்த்து. மலிவானதில் குமிழ் கொஞ்சம் தளர்ந்தாலும் செல்ஃப் அடிக்கும்போது சூடாகும். சந்தேகம் வந்தால் செல்ஃப் சுற்றும்போது பேட்டரி போஸ்ட்டுக்கும் சுவிட்சுக்கு அந்தப் பக்கம் கேபிளுக்கும் நடுவில் வோல்டேஜ் பாருங்கள். 0.2க்கு மேல் காட்டினால் அது சுவிட்ச் இல்லை, ஹீட்டர். ரேடியோவும் கடிகாரமும் நிற்காமல் இருக்க, பக்கவாட்டில் சின்ன ஃப்யூஸ் வைத்தும் ஒரு வகை வருகிறது. அது உங்களுக்கு எதற்கு? ஒழுகலை நிறுத்தத்தானே சுவிட்சே போடுகிறீர்கள்.

என்ஜின் ஓடும்போது மட்டும் திருகிவிடாதீர்கள். ஆல்டர்னேட்டர் வண்டியில் டயோடு போகும்.

ஆர்மேச்சர்

டைனமோ வண்டியில் கட்-ஆஃப் சுவிட்சுக்கு இன்னொரு பயன் இருக்கிறது. கட்-அவுட் தொடுமுனை சில சமயம் ஒட்டிக்கொள்ளும். என்ஜின் அணைந்த பிறகும் பேட்டரி டைனமோவுக்குள் பாயும். டைனமோ மோட்டாராகச் சுற்றப் பார்க்கும், பெல்ட் விடாது. அப்படியே சூடாகி நிற்கும். அணைத்ததும் ஆம்மீட்டர் முள் மைனஸில் ஆழமாக விழுந்து எழாமல் நின்றால், யோசிக்காமல் முதலில் சுவிட்சைத் திருகுங்கள். ஒரே இரவில் பேட்டரி காலியாகும், வயரும் கருகும். அதனால் வீட்டுக்கு வந்து நிறுத்தியதும் சுவிட்சைத் திருகும் பழக்கம் நல்லது.

பின்சீட்பேட்டரி

சோலார் பேனல் ஒன்று ஷெட்டில் தொங்கவிட்டால்?

கிரீஸ்கை

ஷெட்டுக்குள் சூரியன் வருமா தம்பி?

நீலக்கிளிப்

கூரை மேல் வைத்து வயர் இறக்கலாம். வெயிலில் 12 வோல்ட் பேனல் சும்மா நிற்கும்போது 20 வோல்ட்டைத் தாண்டும். 5 வாட் பேனல் 50 ஏஹெச் பேட்டரியை ஒன்றும் செய்துவிடாது. அதைவிடப் பெரிதாகப் போட்டால் கன்ட்ரோலர் கட்டாயம். 6 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் பேனல் கூடவே கூடாது.

ஒருபக்கஎர்த்

பேட்டரியைக் கழற்றித் தரையில் வைத்தால் சிமென்ட் தரை சார்ஜை உறிஞ்சிவிடும் என்கிறார்களே?

ஆர்மேச்சர்

மரப்பெட்டியில் பேட்டரி வந்த காலத்துப் பேச்சு அது. இப்போதைய பிளாஸ்டிக் பெட்டிக்குத் தரை ஒரு பொருட்டே இல்லை. பேட்டரியின் மேல்பரப்பு அழுக்காக ஈரமாக இருந்தால்தான் போஸ்ட்டுக்குப் போஸ்ட் கரண்ட் கசியும். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் துடைத்து, காயவிட்டு, டெர்மினலில் வாஸ்லின் தடவுங்கள். துடைக்கும்போது மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடா உள்ளே போகக் கூடாது. மிகக் குளிரான இடத்தில் வைக்கிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். நிரம்பிய பேட்டரி மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. காலியானது மைனஸ் 10க்கு முன்பே உறைந்து பெட்டி வெடித்துவிடும்.

நீலக்கிளிப்

வெடிப்பது என்றதும் நினைவு வந்தது. ஷெட்டுவாசி, இரும்புப் பெட்டியில் ஏற்றும்போது பானெட்டையும் ஷெட் கதவையும் திறந்து வையுங்கள், வண்டி உறையையும் எடுத்துவிடுங்கள். வருவது ஹைட்ரஜன். காற்றில் 4 சதவிகிதம் சேர்ந்தாலே பற்றும். கிளிப்பை மாட்டிவிட்டுத்தான் பிளக் சுவிட்சைப் போட வேண்டும். எடுக்கும்போது முதலில் சுவிட்சை அணைத்துவிட்டு அப்புறம் கிளிப். கிளிப் எடுக்கும் பொறி நேராக மூடித் துளைக்குப் பக்கத்தில்தான் வரும். டிஸ்டில்டு வாட்டரை சார்ஜ் முடிந்த பிறகு ஊற்றுங்கள். முன்பே விளிம்பு வரை ஊற்றினால் சார்ஜில் மட்டம் ஏறி வழியும், பானெட்டுக்கு அடியில் பெயிண்ட் உரியும். பிளேட் வெளியே தெரிந்தால் மட்டும் பிளேட் மூழ்கும் அளவுக்கு முன்பே ஊற்றலாம்.

ஷெட்டுவாசி

ஒரு வாரம் கழித்து வருகிறேன். ரேடியோவின் இரண்டு வயரையும் அளந்து பார்த்தேன். நிறம் சரியாகவே இருந்தது. மஞ்சளை சாவிக்கு மாற்றிவிட்டேன். ஸ்டேஷன் நினைவு போய்விடுகிறது, போகட்டும். கட்-ஆஃப் சுவிட்சும் போட்டாயிற்று, செல்ஃப் சுற்றும்போது அதன் குறுக்கே 0.06 வோல்ட்தான்.

பேட்டரியை இரும்புப் பெட்டியில் ஓர் இரவும் மறுநாள் பகலும் ஏற்றினேன். ஐந்து செல் 1.265. ஓரத்தில் இருப்பது மட்டும் 1.230க்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. செல்ஃப் சுற்றும்போது 10.1 வோல்ட் நிற்கிறது.

ஆர்மேச்சர்

10.1 நல்ல எண். சுற்றும்போது 9.6க்குக் கீழே போனால்தான் கவலை. அந்த ஓர செல் 0.035 பின்னால் நிற்கிறது, விளிம்பில் இருக்கிறது. 2 ஆம்பியரில் இன்னொரு நாள் மெதுவாக ஏற்றிப் பாருங்கள். பேட்டரியைத் தொட்டுச் சூடு தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். 1.250 வந்தால் இந்த வருடம் ஓடும்.

சோக்குப்பிரியன்

கடிகாரம் என்ன ஆயிற்று? சுவிட்சைத் திருகினால் அதுவும் நிற்குமே.

ஷெட்டுவாசி

நிற்கிறது. சுவிட்சைப் போட்டதும் 'டிக்' என்று ஒரு தடவை முறுக்கிக்கொண்டு ஓட ஆரம்பிக்கிறது. நேரம் மட்டும் வைக்க வேண்டும். ஓர செல்லை நாளை 2 ஆம்பியரில் போடுகிறேன், எண் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.